ஒரு நூல்

பலகைக்கும் பலகைக்கும் நடுவே
ஒரு நூல் விடுவார் கஸ்பார் மேஸ்திரி.
அரை நூல் கூடினால் என்னைக் கூப்பிட மாட்டார்,
இழைப்புளியை எடுப்பார்.

அந்த ஒரு நூலுக்குள்
பஞ்சுநூலைத் திரித்துத் திணிப்பது என் வேலை.
மகளின் பள்ளிப் படிவத்தில் ‘தச்சு’ என்று எழுதினேன்.
கலப்பத்து என்று எழுதியிருந்தால்
டீச்சர் எழுத்துப்பிழை என்று திருத்தியிருப்பார்.

நீங்கள் தட்டினால் வெறும் மரம்.
நான் கொட்டாப்புளியால் தட்டினால்
பஞ்சு போதாத இடம் தொப்பென்னும்,
போதிய இடம் டங்கென்னும்.
எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள்
மணிக்கணக்காய் உறுமி நிற்கும்போதும்
எனக்கு அது கேட்கும்.

அப்படித்தான் கேட்டது,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.
அமரத்திலிருந்து நாலாவது வங்குக்கால் பக்கம்,
படகின் வயிற்றுக்குள்ளே
சேவல் கூவியது.

துளசிங்கத்தின் போன்.
சனிக்கிழமை குனிந்து ஆணி மடக்கும்போது
சட்டைப்பையிலிருந்து நழுவியிருக்கிறது.
அதன்மேல் ஐஸ் பெட்டி வைத்து
பைபரும் பூசியாயிற்று.
“சேவல் அவளுக்கு மட்டும் வச்சது” என்றான்.
அவள் பழவேற்காட்டுக்குக் கோபித்துப் போய்
பதினோரு நாள்.

மறுபடி கூவியது.

நாகூரம்மா,
நாலு வளையலும் சேட்டுக் கடையில் கிடக்க
தினமும் வந்து பலகை எண்ணிப் போகிற படகுக்காரி,
தன் போனை நீட்டினாள்: “நம்பர் சொல்லு.”
அவனுக்குத் தெரியவில்லை.
வாசத்திலேயே அயினி எது வாகை எது என்று சொல்கிறவன்,
கருவேல முட்டைப் புரட்டிப் பார்த்து
இந்த வளைவு இந்த வங்குக்கு என்று
கண்ணாலேயே அளவெடுக்கிறவன்.
பத்தே பத்து எண்.
ஒன்பது, நாலு, நாலு...
அதற்கு மேல் மணல்.

மூன்றாவது கூவல் பாதியில் நின்றது.

மேஸ்திரி யாரையும் பார்க்கவில்லை.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
வெளிப்பலகையில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.
ஏழு செம்பாணி.
உள்ளே போகும்போது ஆணிக்கு ஒரு சத்தம்.
வெளியே வரும்போது வேறு; அது எனக்குப் பிடிக்காது.
காலையில்தான் நான் வைத்த பஞ்சு
குங்கிலிய வாசத்தோடு
வாலைப் பிடித்து இழுத்த எலி மாதிரி வந்தது.

போனின் வாயெல்லாம் மரத்தூள்.
ஒரு கோடு சார்ஜ்.
அவன் எண்ணைத் தொட்டதும்
நாங்கள் மூவரும் ஏன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டோம்,
தெரியவில்லை.
அவன் பேசியது மூன்றே வார்த்தை:
“ஆணி அடிச்சிட்டிருந்தேன். கேக்கல.”
போன் செத்துவிட்டது.
செத்த பிறகும் காதிலேயே வைத்திருந்தான்.

பழைய ஓட்டையில் ஆணி பிடிக்காது.
அரை அங்குலம் தள்ளித் தள்ளி அடித்தார் மேஸ்திரி.
பலகை உட்கார்ந்தது, ஆனால்
இடைவெளி ஒன்றரை நூல்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பஞ்சைப் பார்த்தேன்.
இரட்டைத் திரி. விடிய விடிய அந்த ஏழு அடி.
முதல் தட்டுக்கும் தொப், நூறாவது தட்டுக்கும் தொப்.
டீ வந்தது, ஆறியது.
எப்போது டங்கென்றது என்று கவனிக்கவில்லை,
கை தானாக நின்றபோது தெரிந்தது.

கிரேன் இறக்கிய அன்று
ஐஸ் பெட்டிக்கு அடியில் கை நுழைகிற தூரம்வரை
தடவிக்கொண்டே படுத்திருந்தேன்.
ஈரம்.
புதுப் படகு வியர்க்கும்,
மரம் உப்புத்தண்ணீர் குடித்து, ஊதி,
தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும்.
அதற்கு இடம்தான் அந்த ஒரு நூல்.
விடாமல் இறுக்கினால் பலகை வெடிக்கும்.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
ஆனாலும் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

மூன்றாம் நாள் கை காய்ந்தே வந்தது.

துளசிங்கத்திடம் நான் எதுவும் கேட்கவில்லை.
மதியம் தூக்குவாளியைத் திறந்தான். இறால் தொக்கு.
அவன் போடுகிற காரம் இல்லை.
எனக்கும் ஒரு கரண்டி வைத்தான்.

சனிக்கிழமை நாகூரம்மா கணக்கு முடித்தாள்.
ஏழு ஆணிக்கும் அவன் கூலியில் பிடித்தாள்.
பஞ்சுக்குப் பிடிக்கவில்லை.